நாற்பதைத் தாண்டிய தோழிகள்: தமிழ்ப் புனைவு ஏன் தோணிரேவு வரை வர வேண்டும்?

“உங்க அம்மாவோட நெருங்கிய ஃபிரெண்ட் யாரு?”

இந்தக் கேள்விக்குப் பலரிடம் சட்டென்று பதில் இருக்காது. சித்தி, அத்தை, எதிர்வீட்டு ஆன்ட்டி என்று சுற்றிவிட்டு, “காலேஜ்ல ஒருத்தங்க இருந்தாங்களாம்” என்று இறந்தகாலத்தில் வந்து நிற்பார்கள். அப்பாவின் நண்பர்களுக்கு டீக்கடை உண்டு, வாக்கிங் உண்டு, வாட்ஸ்அப் குரூப்பும் உண்டு. அம்மாவின் தோழிகள் கல்யாணத்தோடு ஊர் மாறிப் போனவர்கள். பிள்ளைகள் வளர்ந்து கை கொஞ்சம் ஓயும் நாற்பத்தைந்து வயதில்தான், பேச ஆள் இல்லை என்பதே அவர்களுக்கு உறைக்கிறது.

உலக இலக்கியம் இந்த வயதை இப்போது விரும்பிப் படிக்கிறது. இத்தாலிய எழுத்தாளர் எலெனா ஃபெரான்டே 2011 முதல் 2014 வரை எழுதிய நான்கு நாவல்களில், நேப்பிள்ஸ் நகரத்து இரண்டு தோழிகள் குழந்தைப் பருவத்திலிருந்து அறுபதைத் தாண்டும் வரை வருகிறார்கள். பொறாமை, போட்டி, பாசம் எல்லாம் கலந்த நட்பு அது. தமிழில் என்ன இருக்கிறது?

தோழிக்குச் சொந்தக் கதை இல்லை

தோழி என்ற பாத்திரத்துக்குச் சங்கப் பாடல்கள் கொடுத்த இடம் பெரியது. தொல்காப்பியம் அவளைச் செவிலியின் மகள் என்கிறது. தூது போகிறாள், தலைவனைக் கேள்வி கேட்கிறாள், பொய்கூடச் சொல்கிறாள். எல்லாம் தலைவிக்காக. அவளுக்கென்று ஒரு காதல், ஒரு கவலை? அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நம்ம சினிமா ஹீரோயினின் ஃபிரெண்ட் கேரக்டர் எங்கிருந்து வந்தது என்று இனியும் தேட வேண்டியதில்லை.

நவீன புனைவில் நடுவயதுப் பெண் மையத்துக்கு வந்தாள். அம்பையின் ‘காட்டில் ஒரு மான்’ (2000) தொகுப்பில் உள்ள ‘அடவி’ இதில் முக்கியமான கதை. கணவனோடு சேர்ந்து வளர்த்த தொழிலில் தனக்கு உரிய பங்கு மறுக்கப்பட்டதும், செந்திரு காட்டுக்குப் போகிறாள். அங்கே சீதையின் கதையைத் தன் போக்கில் எழுதுகிறாள். காட்டில் பழகும் பெண்களும் கதையில் உண்டு. ஆனாலும் படித்து முடித்தபின் மனதில் தங்குவது, தனியாகக் கிளம்பிப்போன ஒருத்திதான். சினிமாவில் ‘மகளிர் மட்டும்’ (2017) மூன்று பழைய தோழிகளை ஒன்று சேர்த்தது. அவர்களும் வீட்டை விட்டுப் பயணம் கிளம்பினால்தான் தங்களைத் திரும்பப் பார்க்க முடிகிறது.

கிளம்புவது தப்பில்லை. ஆனால் கிளம்ப முடியாதவர்கள்? டிக்கெட் காசும் போக ஓர் இடமும் இல்லாத பெண் தன்னைக் கண்டுபிடிக்கவே மாட்டாளா? சல்மாவின் ‘மனாமியங்கள்’ (2016) இந்த இடத்தில் வேறு மாதிரி யோசிக்கிறது. அதில் மெஹரும் பர்வீனும் அண்ணி, நாத்தனார். நம்ம வீடுகளில் சண்டைக்கே பேர்போன உறவு அது. அந்த உறவுக்குள்ளிருந்தே ஒருவர் வலி இன்னொருவருக்குப் புரிகிறது.

ஓலைக்கு முன் உட்காரும் பெண்கள்

கிளம்பாமலே மாறும் பெண்களைப் பார்க்க, திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காடு ஏரிக் கரைக்குப் போகலாம். சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. இங்குள்ள தோணிரேவு, பெயரிலேயே பாதி தெலுங்கு. ‘ரேவு’ என்றால் துறை. இந்த ஏரியின் மீனவ ஊர்களில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்பதை முறைவைத்துப் பிரிக்கும் ஏற்பாடு. அந்த முறை ஆண்களின் பெயரில்தான் வரும். முகத்துவாரத்தை மணல் மூடினால் கடல்நீர் உள்ளே வராது, இறால் குறையும். அடி முதலில் விழுவது அடுப்பில்தான். ஆனால் அடுப்பைப் பார்க்கிறவளுக்கு ஏரியில் முறை கிடையாது.

தோணிரேவுப் பெண்களின் கையில் இருப்பது பனையோலை. குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு எடுத்து, ஒரே அகலத்தில் கிழித்து, கொதிக்கும் சாயத்தில் முக்கி, பெட்டியும் தட்டும் கூடையுமாக முடைகிறார்கள். இந்த வேலையின் விசேஷம், கையும் கண்ணும் ஓலையில் இருந்தாலும் வாய் சும்மா இருக்கும் என்பது. சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும். மாமியாரைப் பற்றி, மகளின் ஃபீஸ் பற்றி, நின்றுபோன மாதவிடாய் பற்றி. டாக்டரிடம்கூடச் சொல்லத் தயங்குவதைப் பக்கத்தில் முடைகிறவளிடம் சொல்லிவிடலாம். இதில் பயணமும் இல்லை, காடும் இல்லை. மடியில் பாதி முடைந்த பெட்டி மட்டும்.

இதை அப்படியே அழகான நட்புக் கதையாக்கிவிடுவதும் ஏமாற்றுவேலைதான். ஏனென்றால் இந்த நட்புக்குள் காசு இருக்கிறது. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள், பிறகு தமிழ்நாடு முழுக்கப் பரவின. ஒரு குழுவில் 12 முதல் 20 பெண்கள். சொந்தபந்தம் இல்லாத பெண்களோடு மாதாமாதம் உட்கார்ந்து பேச, வீட்டில் யாரும் குறைசொல்ல முடியாத ஒரு காரணத்தை அது கொடுத்தது. கூடவே கூட்டுப் பொறுப்பையும் கொடுத்தது. ஒருத்தி தவணை கட்டவில்லை என்றால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் நிற்க வேண்டும். நேற்று பக்கத்தில் உட்கார்ந்து ஓலை முடைந்தவள், இன்று வசூலுக்கு வந்து நிற்கிறாள். அந்த ஐந்து நிமிஷத்தில் இருவரும் என்ன பேசிக்கொள்வார்கள்? ஃபெரான்டே எழுதிய பொறாமைக்கும் பாசத்துக்கும் கொஞ்சமும் குறையாத நாடகம் இது.

பேர்பெற்ற நெய்தல் நாவல்கள் பெரும்பாலும் தெற்குக் கரையைச் சேர்ந்தவை. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977), ராஜம் கிருஷ்ணனின் ‘அலைவாய்க் கரையில்’ (1978), ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) என்று வரிசை நீளும். ‘கடல்புரத்தில்’ நாவலில் பிலோமிக்கும் ரஞ்சிக்கும் இருக்கும் நட்பு இன்றைக்கும் வாசகர் மனதில் நிற்கிறது. அவர்கள் இருவரும் இளம்பெண்கள். அதே பிலோமிக்கும் ரஞ்சிக்கும் ஐம்பது வயதானபின், முழங்கால் வலியோடு பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கூடை முடைந்தால், ஒருத்தி இன்னொருத்திக்கு மூன்று தவணை பாக்கி வைத்திருந்தால், கதை அங்கிருந்து தொடங்கலாம்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். ஊரில் பெண்களைக் கூப்பிடுவது இன்னார் பெண்டாட்டி, இன்னார் அம்மா என்றுதான். குழுவின் நோட்டில் அப்படி எழுத முடியாது. சந்தா கட்டிய ஒவ்வொருத்தியின் சொந்தப் பெயரையும் மாதத்துக்கு ஒருமுறை யாராவது சத்தமாக வாசித்தே ஆக வேண்டும்.