தங்க முலாமும் மஞ்சள் ஒயரும்

4கே டிவிக்குப் பணம் கட்டிய கையோடு கடைக்காரர் இன்னொன்றையும் தலையில் கட்டப் பார்ப்பார்: தங்க முலாம் பூசிய ஹெச்டிஎம்ஐ கேபிள். விலை சாதாரணக் கேபிளைப் போலப் பல மடங்கு. 'கலர் அப்படியே தூக்கும் சார்' என்பார்.

தூக்காது. இந்தக் கேபிளில் ஓடுவது வெறும் 0, 1 எண்கள். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் படம் முழுசாக வரும். சேராவிட்டால் திரையில் புள்ளிகள் மின்னும், படம் விட்டுவிட்டு வரும், அல்லது ஒரேயடியாக இருண்டுவிடும். முலாம் செய்யும் ஒரே வேலை, பிளக் கறுக்காமல் காப்பது. இரண்டு மீட்டர் தூரத்துக்கு 'ப்ரீமியம் ஹை ஸ்பீட்' முத்திரை உள்ள மலிவான கேபிளே போதும். சுவருக்குள் பத்துப் பதினைந்து மீட்டர் இழுப்பவர்கள்தான் யோசித்து வாங்க வேண்டும்.

கேபிள் நிஜமாகவே படத்தைக் கெடுக்கும் இடம் வேறு. புது டிவி வந்த பிறகும் செட் டாப் பாக்ஸிலிருந்து பழைய மஞ்சள் ஒயரையே செருகி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அந்த ஒற்றை ஒயரில் வெளிச்சமும் வண்ணமும் கலந்தே போகின்றன. மறுமுனையில் டிவியால் அவற்றைச் சுத்தமாகப் பிரிக்க முடிவதில்லை. செய்தி வாசிப்பவரின் கோடுபோட்ட சட்டையில் வானவில் ஓடுவது இதனால்தான். பாக்ஸின் முதுகில் ஹெச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது 'அப்ஸ்கேலிங்'. நம் ஊர் டிவிடியில் ஒரு படத்துக்கு 720 x 576, அதாவது சுமார் 4.15 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் ஏறக்குறைய 83 லட்சம். இருபதுக்கு ஒன்றுதான் வட்டிலிருந்து வருகிறது. மற்றதெல்லாம் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து இட்டு நிரப்பியது. இந்த வேலையை பிளேயரும் செய்யலாம், டிவியும் செய்யலாம். பிளேயரை 576-லும் 1080-லும் மாற்றி வைத்து, சாய்ந்த கோடுகள் எதில் குறைவாகப் பல்லிளிக்கின்றனவோ அதையே வைத்துக்கொள்ளலாம்.

1990களின் கல்யாண கேசட்டை வட்டில் ஏற்றி வைத்திருப்பவர்கள் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். விஹெச்எஸ் நாடா பதிவு செய்ததே சுமார் 240 கோடு அளவு விவரம். பாட்டியின் தோட்டுக் கற்கள் அதில் பதியவே இல்லை. எந்த சிப்பும் அவற்றை மீட்டுத் தராது. 'ஷார்ப்னெஸ்'ஸை ஏற்றினால் தோட்டைச் சுற்றி வெள்ளைக் கோடுதான் வரும். அதைக் குறைத்து, இருபுறமும் கறுப்புப் பட்டையோடு பழைய 4:3 சட்டத்திலேயே பார்க்கலாம். அகலத் திரை முழுக்க இழுத்துவிட்டால் பாட்டி மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுவார்.