சாம்புவின் ஊர்க்காரர்கள்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் நேரத்தில் டெல்டாவில் யாருக்கும் நின்று பேச ஒழியாது. ஒரு பக்கம் குறுவை அறுப்பு, இன்னொரு பக்கம் சம்பாவுக்கு நாற்றங்கால். காயவைக்க இடமில்லாமல் பாதித் தார்ச்சாலையை நெல் பிடித்துக்கொண்டிருக்கும். டவுன் பஸ்காரர் ஹாரன் அடித்து அலுத்துப்போய், ஓரமாக ஒதுக்கி ஓட்டிப் போவார். இந்த அமளியில் செப்டம்பர் 8-ஆம் தேதி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அன்றைக்குத் தேவனின் பிறந்தநாள். 1913-ல் திருவிடைமருதூரில் பிறந்த ஆர். மகாதேவன்தான் தமிழ் வாசகர்களுக்குத் தேவன் ஆனார்.

அவருடைய வாழ்க்கைக் கதையைச் சொல்ல ரொம்ப நேரம் பிடிக்காது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பி.ஏ., 21 வயதில் ஆனந்த விகடனில் உதவி ஆசிரியர், 1942 முதல் நிர்வாக ஆசிரியர். 1957 மே 5-ஆம் தேதி காலமானபோது வயது 43. அந்த நாற்பத்து மூன்று வயதுக்குள் எழுதிக் குவித்தவற்றின் பட்டியலைப் பார்த்தால், இவர் எப்போது தூங்கினார் என்ற சந்தேகம்தான் வரும். வாரப் பத்திரிகை நடத்துகிற வேலையே ஆளை விழுங்கிவிடும். அதற்கு நடுவில் தொடர்கதை, சிறுகதை, கட்டுரை, ஐந்து நாடுகளில் அறுபது நாள் சுற்றிவந்து ஒரு பயண நூல் வேறு.

இத்தனையிலும் ஜனங்கள் மனத்தில் சட்டமாக உட்கார்ந்துகொண்டவன் துப்பறியும் சாம்புதான். 1942-ல் விகடனில் தலைகாட்டினான். அது என்ன வருஷம் என்று யோசித்துப் பாருங்கள். ஏப்ரலில் ஜப்பான்காரர்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டார்கள். சென்னையில் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு ஜனங்கள் சொந்த ஊர்களுக்கு ரயில் ஏறினார்கள். பத்திரிகைக் காகிதத்துக்குப் பஞ்சம். அந்த நேரத்தில், மூளை கொஞ்சம் மந்தமான, வழுக்கை விழத் தொடங்கிய ஒரு பாங்கு குமாஸ்தாவைத் துப்பறியும் நிபுணராக்கி வாராவாரம் உலவவிட்டார் தேவன்.

சாம்புவின் சூத்திரம் உங்களில் பலருக்கு மனப்பாடமாக இருக்கும். ஒரு திருட்டு நடக்கும். இன்ஸ்பெக்டர் கோபாலன் சாம்புவை அழைத்துப் போவார். சாம்புவுக்கு ஒன்றும் புரியாது. எங்கேயாவது தடுக்கி விழுவான், தப்பான வீட்டுக்குள் நுழைவான், பேசக் கூடாததைப் பேசக் கூடாத ஆளிடம் பேசிவைப்பான். அதன் விளைவாகத் திருடன் அகப்பட்டுவிடுவான். உடனே இன்ஸ்பெக்டர், சாம்பு செய்த ஒவ்வொரு அசட்டுத்தனத்துக்கும் ஒரு மகா தந்திரத்தைக் கற்பித்து வியப்பார். நடந்தது என்ன என்பது எழுதியவருக்கும் படிக்கிறவருக்கும்தான் முழுசாகத் தெரியும். சாம்புவுக்கே பாதிதான் தெரியும்.

மேலோட்டமாகப் பார்த்தால் கேலி சாம்புவின் மேல். கூர்ந்து பார்த்தால், சாம்புவை மேதை என்று நம்புகிற கூட்டத்தின் மேல்தான் மொத்தக் கேலியும். ஒருவனுக்குப் பேர் வந்துவிட்டது என்றால் அவன் தும்மினாலும் அதில் ஞானம் தேடுகிற ஊர் இது. அன்றைக்கும் அப்படி, இன்றைக்கும் அப்படி. இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் ஒரு தலையங்கம்தான் கிடைத்திருக்கும். தேவன் ஒரு அசட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்த அசட்டின் மேல் நமக்குப் பிரியமும் வந்துவிட்டது.

வாரத்துக்கு ஒரு கதை, அதே ஆட்கள், அதே குணம், முடிவில் எல்லோரும் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பது. தொலைக்காட்சியில் இதை சிட்காம் என்கிறார்கள். அதில் கில்லாடிகள் ஆங்கிலேயர்கள். லண்டனில் ஜான் சல்லிவன் என்று ஒருவர் இருந்தார். பிளம்பர் வீட்டுப் பிள்ளை, பதினைந்து வயதில் படிப்பை விட்டவர். பி.பி.சி.யில் மேடைச் சாமான்களை நகர்த்தும் வேலையில் இருந்தவர், எழுத்தாளரானார். 1981-ல் அவர் தொடங்கிய ‘ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்’ என்ற தொடரில் டெல் பாய் என்று ஒரு தெரு வியாபாரி. அடுத்த வருஷம் இந்நேரம் கோடீஸ்வரன் ஆகிவிடுவோம் என்று தம்பிக்கு எப்போது பார்த்தாலும் நம்பிக்கை கொடுத்துக்கொண்டிருப்பான். ஆக மாட்டான். 1996 கிறிஸ்துமஸுக்கு சல்லிவன் மனமிரங்கினார். கார் ஷெட்டில் குப்பையோடு கிடந்த பழைய கடிகாரம் ஒன்று ஏலத்தில் அறுபது லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோய், டெல் பாய் பணக்காரனானான். அன்றிரவு இரண்டு கோடியே நாற்பது லட்சம் பேர் அதைப் பார்த்தார்கள். தொடர் அத்தோடு முடிந்ததாகத்தான் எண்ணம். ஐந்து வருஷம் கழித்து மறுபடி எழுத உட்கார்ந்தபோது சல்லிவன் செய்த முதல் காரியம், டெல் பாயின் பணம் அத்தனையையும் காலி செய்ததுதான். பணக்கார டெல் பாயை வைத்துக்கொண்டு என்ன சிரிப்பு மூட்ட முடியும்? சல்லிவன் 2011-ல் காலமானார். ஆனால் மதுக்கடைக் கவுண்டரில் சாய நினைத்து, அதன் பலகை தூக்கியிருப்பது தெரியாமல் டெல் பாய் அப்படியே விழும் காட்சியை இன்றைக்கும் போட்டுப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

டெல் பாய் வாராவாரம் தோற்றான். நம் சாம்பு வாராவாரம் ஜெயித்தான். ஆனாலும் இரண்டு பேருக்கும் விதி ஒன்றே: எத்தனை அனுபவம் வந்தாலும் எதையும் கற்றுக்கொள்ளக் கூடாது. சாம்பு ஒரே ஒரு தடவை நிஜமாகவே யோசித்துத் துப்புக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த வாரத்துக்குக் கதை கிடையாது. தொலைக்காட்சிப் பெட்டியே இங்கே இல்லாத காலத்தில், அச்சிலேயே இந்த வித்தையைப் பிடித்துவிட்டார் தேவன்.

பெட்டி பிறகு வந்தது. 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிய பிற்பாடு, ஒரு நாள் சாம்புவும் அதற்குள் வந்து சேர்ந்தான். நடித்தவர் காத்தாடி ராமமூர்த்தி. சோவின் நாடகத்தில் ஏற்ற பாத்திரத்தின் பெயரே பட்டமாக ஒட்டிக்கொண்ட மனிதர். முழிப்பதற்கென்றே கடவுள் கொடுத்த கண்கள். தேவன் எழுதிவைத்த திகைப்பை வசனம் இல்லாமலே முகத்தில் கொண்டுவந்துவிடுவார். அவருக்குச் சொந்த ஊர் கும்பகோணம்.

நடுவில் இன்னொருவரும் உண்டு. சாம்புவைப் படக்கதையாக வரைந்தவர் கோபுலு. 1924-ல் தஞ்சாவூரில் பிறந்தவர், கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்றவர். ஒரு வரிகூட எழுதாமல் வெறும் கோட்டிலேயே சிரிக்கவைத்தவர். ஆக, எழுத்தில் சாம்பு திருவிடைமருதூர், படத்தில் தஞ்சாவூர், நடிப்பில் கும்பகோணம். மூன்றும் ஒரே பாசஞ்சர் ரயிலில் அடுத்தடுத்து வருகிற ஊர்கள். இதற்குக் காவிரித் தண்ணீர்தான் காரணம் என்று பெருமையடிக்கத் தோன்றுகிறது. அடக்கிக்கொள்கிறேன். ஆனால் திண்ணையில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவர்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்த ஊர்களில் வளர்ந்தவர்களுக்குக் காதும் கண்ணும் கொஞ்சம் கூடுதலாகவே வேலை செய்திருக்கும்.

எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கும்பகோணத்து எழுத்து என்று பேச்சு வந்தால் மௌனி, கு.ப.ரா., தி. ஜானகிராமன், எம்.வி. வெங்கட்ராம், கரிச்சான் குஞ்சு என்று அடுக்குகிறோம். நியாயம்தான். அந்த வரிசையில் தேவனின் பெயரைச் சேர்ப்பவர்கள் குறைவு. அவர் சிரிக்கவைத்தார், லட்சக்கணக்கானவர்கள் படித்தார்கள் என்ற இரண்டு குற்றங்களைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’ நாவலைப் படித்தவர்கள் சொல்லட்டும். ஒரு கொலை வழக்கு விசாரணையையே முழு நாவலாக்கி, ஜூரிகள் இருந்த காலத்து கோர்ட்டைக் கண்முன் நிறுத்தியிருக்கிறார். ‘ஸ்ரீமான் சுதர்சனம்’ போதாத சம்பளத்தில் குடும்பம் நடத்தி, ஆபீஸ் பணத்தில் கைவைத்துவிடும் ஒரு குமாஸ்தாவின் கதை. சிரித்துக்கொண்டே படிக்கிறோம், நெஞ்சு படபடத்துக்கொண்டே இருக்கிறது. வீடு கட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் ‘ராஜத்தின் மனோரத’த்தைப் படித்துவிட்டு, இவர் நம் வீட்டு மேஸ்திரியை எங்கே பார்த்தார் என்று கேட்பார்கள். ‘கோமதியின் காதலன்’ 1955-ல் டி.ஆர். ராமச்சந்திரனும் சாவித்திரியும் நடித்துப் படமாகவே வந்தது.

பத்திரிகைக்காரன் என்ற முறையில் எனக்கு ‘மிஸ்டர் வேதாந்தம்’ மேல் தனிப் பாசம். எழுதிப் பிழைக்கச் சென்னைக்குப் போகும் ஒரு பையனின் வழியாகப் பத்திரிகை உலகத்தின் உள்பக்கத்தைக் காட்டுகிறார். திரும்பி வரும் கதைகள், வராத சன்மானம், ஆசிரியர்களின் ஜம்பம். அடுத்தவர் கதையைத் திருப்பி அனுப்பும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர், திருப்பி அனுப்பப்பட்டவனின் பக்கம் நின்று எழுதியிருக்கிறார். நாங்கள் இங்கே கவரைக் கிழிக்கும்போது அது அவ்வப்போது ஞாபகத்துக்கு வந்து உறுத்தும்.

குறையே கிடையாதா என்றால், உண்டு. தேவனின் உலகம் பெரும்பாலும் ஒரே தெருவுக்குள் சுற்றுகிற உலகம். வக்கீல், குமாஸ்தா, மிராசு, மாமி, மாப்பிள்ளை. அந்த மிராசின் நிலத்தில் நட்டவர்களும் அறுத்தவர்களும் கதைக்குள் வருவது அபூர்வம். அவர்கள் வீட்டுச் சிரிப்பும் நம் ஊர்ச் சிரிப்புதான். களத்துமேட்டில் கிளம்புகிற நையாண்டியைக் கேட்டவர்களுக்கு அது புரியும். தான் பார்த்த தெருவை அவர் பொய்யில்லாமல் எழுதினார். மீதித் தெருக்களையும் சேர்த்துச் சிரிக்கவைக்கும் ஒருவருக்காக டெல்டா இன்னும் காத்திருக்கிறது.

சாம்பு இப்போது இருந்தால் அவனை எங்கே அனுப்பலாம் என்று உதவி ஆசிரியர்களோடு பேசிக்கொண்டிருந்தோம். ஒருமனதாக வந்த பதில்: நேரடி நெல் கொள்முதல் நிலையம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருப்பதாகச் சொல்லி நிறுத்திவைத்த குவியல்கள், நாற்பது கிலோ மூட்டைகளின் அடுக்கு, வானத்தைப் பார்த்தபடி விவசாயிகள். ராத்திரியில் மூட்டைகள் காணாமல் போகின்றன. சாம்பு வருகிறான். தூறல் விழுந்ததும் பயந்து தார்ப்பாய்க்குள் ஒண்டுகிறான், தூங்கிவிடுகிறான். திருடர்கள் அவனையும் சேர்த்து லாரியில் ஏற்றுகிறார்கள். சுணை அரிப்புத் தாங்காமல் சாம்பு ஊளையிட, லாரி வாய்க்காலில் இறங்குகிறது. ஓடிவந்த இன்ஸ்பெக்டர், “மூட்டையோடு மூட்டையாகப் போனால்தான் ஆளைப் பிடிக்க முடியும் என்று நேற்றே முடிவு செய்துவிட்டீர்களா, மிஸ்டர் சாம்பு?” என்கிறார். சாம்பு பதில் சொல்லாமல் முதுகைச் சொறிந்துகொள்கிறான். அதையும் ஏதோ சங்கேதம் என்று எண்ணி இரண்டு கான்ஸ்டபிள்கள் வலதுபக்கம் ஓடுகிறார்கள்.

இதை நாங்கள் துணிந்து செய்வதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் ஆனால் பதிப்புரிமை முடிகிறது. 2017 கழிந்ததோடு தேவனின் எழுத்து எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. கோபுலுவின் படங்களுக்கு அந்தக் கெடு இன்னும் வரவில்லை, அவற்றில் கைவைக்காதீர்கள். எழுத்தை எடுத்து நாடகம் போடலாம், ஒலிநூல் ஆக்கலாம், செல்போனில் படம் பிடித்துத் தொடராகவும் வெளியிடலாம். திருவிடைமருதூர்த் தேரோடும் வீதியைவிடப் பொருத்தமான படப்பிடிப்பு இடம் கிடைக்குமா? பிள்ளைகள் யாராவது முனைந்தால் முதல் காட்சிக்கு நான் வந்து நிற்கிறேன். கூட்டத்தில் நடிக்கச் சொன்னாலும் சரி.

அதுவரை, அடுத்த இதழில் இரண்டு பக்கங்களை உங்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம். இன்றைய டெல்டாவில் சாம்பு மாட்டிக்கொள்ளும் ஒரு சம்பவத்தை அரைப் பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். மினி பஸ், மணல் லாரி, ரேஷன் கடை, கல்யாண மண்டபம், எதுவானாலும் சரி. நிபந்தனை ஒன்றுதான்: கதை முடியும்போதும் சாம்புவுக்குப் புத்தி வந்திருக்கக் கூடாது. மறக்காமல் ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அலுவலக மேசையில் காகிதங்கள் மாயமாவது வழக்கம். அதைத் துப்பறிய இங்கே ஆள் இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்