ஐ7 ஸ்டிக்கரும் செஞ்சிக் கோட்டையும்

செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் மூச்சு வாங்க ராஜகிரி ஏறி, உச்சியில் இருக்கும் பீரங்கி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கி விடுவார்கள். கீழே இருக்கும் நெற்களஞ்சியத்தையும் குளங்களையும் யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் 1690ல் ஜுல்பிகர் கான் தலைமையில் வந்த முகலாயப் படை, 1698 வரை இந்தக் கோட்டையைச் சுற்றி உட்கார வேண்டி வந்ததற்கு பீரங்கி மட்டுமா காரணம்? உள்ளே தண்ணீர் இருந்தது, நெல்லைச் சேர்த்து வைக்க இடம் இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். சுமாரான பட்ஜெட்டில், அதாவது எழுபது எண்பதாயிரத்துக்குள், புதுசாக ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்புகிற மாணவர்களும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள். பீரங்கியைப் பார்க்கிறார்கள், களஞ்சியத்தை விட்டு விடுகிறார்கள்.

"ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, கலர் கலராக எரியும் கேபினட்... எல்லாம் சேர்த்து வெறும் இவ்வளவுதான்!" இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் படாத மாணவன் இருக்க முடியாது. அந்த ஐ7 எந்தத் தலைமுறை என்று கேட்டால்தான் குட்டு வெளிப்படும். பல நேரம் அது 2012ல் வந்த ஐ7 3770 ஆக இருக்கும். 2022ல் வந்த ஐ3 12100 அதை ஓரம் கட்டிவிடும், இரண்டிலும் நான்கு கோர்கள்தான் என்றாலும். "4 ஜிபி கிராபிக்ஸ்" என்பது 2014ல் வந்த ஜிடி 730 ஆக இருக்கலாம். ஐ7 என்பது குடும்பப் பெயர் மாதிரி. தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே பெயர்தான், ஆனால் ராஜகிரி ஏறச் சொன்னால் வித்தியாசம் தெரிந்துவிடும்!

இது வேக விஷயம் மட்டும் இல்லை. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ம் தேதியோடு முடிந்து விட்டது. விண்டோஸ் 11ஐ முறைப்படி போட இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசரும் டிபிஎம் 2.0வும் வேண்டும். வேலரன்ட் விளையாட்டும் விண்டோஸ் 11ல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் இருந்தால்தான் திறக்கும். ஆக, விளையாடுவதற்கென்றே வாங்கிய பெட்டியில் அந்த விளையாட்டே ஓடாமல் போகலாம்.

அப்படியானால் பணத்தை எதில் போடுவது? விளையாட்டுக்கு என்றால் முதல் பங்கு கிராபிக்ஸ் கார்டுக்கு. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே அதற்குப் போகட்டும். பிராசசருக்கு ரைசன் 5 5600, ஐ5 12400எஃப் போன்றவையே இந்த பட்ஜெட்டுக்குப் போதும். கார்டில் கவனிக்க வேண்டியது பெட்டியில் உள்ள சின்ன எழுத்து. 2025ல் வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 8 ஜிபியிலும் கிடைக்கிறது, 16 ஜிபியிலும் கிடைக்கிறது. பெயர் ஒன்றுதான். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் போதும் என்பவருக்கு 8 ஜிபி தாராளம். புதிய கதை விளையாட்டுகளை நாலைந்து வருடம் ஆடப் போகிறவர் 16க்குக் காசு சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

ராஜகிரி உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஆழமான ஒரு பிளவும் அதன்மேல் ஒரு சின்னப் பாலமும் இருக்கிறது. கீழே எத்தனை ஆயிரம் பேர் திரண்டு வந்தாலும், பாலத்தில் போவது சிலர் சிலராகத்தான். அறுபது ஹெர்ட்ஸ் மானிட்டரில் இருநூறு பிரேம் தரும் கார்டை மாட்டுவது அந்தப் படை மாதிரிதான். அதனால் மானிட்டரையும் பட்ஜெட்டுக்குள்ளேயே வைத்துக் கணக்கு போட வேண்டும், "அது அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளக் கூடாது.

ராம் கதை தனி. 2025 கடைசியில் இருந்து ராம் விலை கண்மண் தெரியாமல் ஏறியது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதுதான் முக்கியக் காரணம். சாதாரண வாடிக்கையாளர்களுக்கான குருசியல் பிராண்ட் வியாபாரத்தை நிறுத்தப் போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தே விட்டது. ஒரு வருடம் பழைய வீடியோவில் சொன்ன பட்ஜெட்டை நம்பிக் கடைக்குப் போனால் அதிர்ச்சிதான். காசு இடிக்கிறதா? இப்போதைக்கு ஒரே 16 ஜிபி ராம் போட்டு, ஒரு ஸ்லாட்டைக் காலியாக விட்டு வைக்கலாம். இரண்டாகப் போடுவதை விட வேகம் சற்றுக் குறையும், ஆனால் பிறகு சேர்த்துக் கொள்ளலாம்.

எதில் மட்டும் கை வைக்கக் கூடாது என்றால், எஸ்எம்பிஎஸ்! நம் களஞ்சியம் அதுதான். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் 500 வாட் என்று எழுதியிருக்கும். எழுதியிருப்பதற்கும் கொடுப்பதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே! வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரில், கெட்ட எஸ்எம்பிஎஸ் சாகும்போது தனியாகச் சாகாது, போர்டையும் கார்டையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போகலாம். நல்ல நிறுவனத்தின் 550 அல்லது 650 வாட் இந்த மெஷினுக்குப் போதும். யூபிஎஸ்சும் அப்படித்தான். 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். விளையாட்டு நடுவே கரண்ட் போனால் மானிட்டரோடு சேர்த்து அது திணறும். 1000 விஏ பார்ப்பது நல்லது. கூடவே வீட்டு பிளக் பாயின்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொண்டால் கேபினட்டைத் தொடும்போது ஷாக் அடிக்காது.

அடுத்தது, எங்கே வாங்குவது? சென்னை ரிச்சி தெருவில் விலை பேசலாம், பத்து கடை ஏறி இறங்கலாம். ஆனால் கார்டு கெட்டால் செஞ்சியில் இருந்து மறுபடி பஸ் ஏற வேண்டும். "பில் வேண்டாம்னா குறைச்சுத் தரேன்" என்ற பேச்சுக்கு மயங்கினால், 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சமாகும், வாரன்டி காற்றில் போகும். நூற்றி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பவனுக்கு பில்தான் ஆயுதம். ஒவ்வொரு பார்ட்டின் சீரியல் நம்பரும் அதில் இருக்க வேண்டும்.

இவ்வளவு நுணுக்கம் தேவையா, கடைக்காரரே பார்த்துக் கட்டித் தர மாட்டாரா என்று கேட்கலாம். நல்ல கடைக்காரர்கள் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மூட்டை கொண்டு போகும் ஒரு அப்பாவை நினைத்துப் பாருங்கள். அவர் நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்காமல், ஈரம் பார்க்காமல் எந்த வியாபாரியும் விலை சொல்வதில்லை. அந்த நெல் விற்ற காசில் வாங்கும் கம்ப்யூட்டரை மட்டும் மகன் வெறும் ஸ்டிக்கரைப் பார்த்து வாங்கி வந்தால் எப்படி?

கேபினட்டில் விளக்கு எரியவில்லை என்றால் விளையாட்டு ஒன்றும் நின்றுவிடாது. அந்தக் காசை எஸ்எம்பிஎஸ்ஸில் போடுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும்போது வித்தியாசம் தெரியும்.