சர்க்கரை வியாதியும் தூக்கமில்லாத இரவும்

இரவு மணி 2. ஊர் அடங்கிவிட்டது.

ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. மளிகைக் கடைக்காரர் ஒருவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். வயது 52. சர்க்கரை வியாதி வந்து 8 ஆண்டுகள் ஆகின்றன.

"என்னங்க, இன்னும் தூங்கலையா?" என்று மனைவி கேட்கிறாள்.

"தூக்கம் வந்தால்தானே!" என்கிறார் அவர்.

மறுநாள் டாக்டரிடம் போகிறார். ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள். சர்க்கரை ஏறியிருக்கிறது.

"இனிப்பு சாப்பிட்டீர்களா?" என்று டாக்டர் கேட்கிறார். இல்லை. "நடக்கிறீர்களா?" நடக்கிறார். "மாத்திரை?" தவறாமல் சாப்பிடுகிறார். சரி என்று மாத்திரையைக் கூட்டி எழுதிக் கொடுக்கிறார் டாக்டர்.

"இரவில் தூங்குகிறீர்களா?" என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. பல வீடுகளில் நடப்பதுதான். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023ல் கணக்குச் சொன்னது. அத்தனை பேரிடமும் கேட்க வேண்டிய கேள்வி அது.

சிகாகோவில் ஒரு சோதனை

தூக்கத்துக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். அதன் முடிவு 1999ல் வெளியாயிற்று. நல்ல உடல்நலம் உள்ள 11 வாலிபர்களை 6 இரவுகள் வெறும் 4 மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். பிறகு 6 இரவுகள் 12 மணி நேரம் படுக்கவிட்டார்கள்.

தூக்கம் குறைந்த நாட்களில், ரத்தத்தில் ஏறிய சர்க்கரை இறங்குவதற்கு அதிக நேரம் பிடித்தது. நன்றாகத் தூங்கிய நாட்களைவிட இறங்கும் வேகம் 40 சதவீதம் குறைந்திருந்தது. இத்தனைக்கும் அவர்கள் நோயாளிகள் அல்ல!

அவர்கள் தூங்கவிடாமல் தடுக்கப்பட்டவர்கள். படுத்தும் தூக்கம் வராதவர்களுக்கு என்ன ஆகும்? பிரிட்டனில் 3 லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் விவரங்களை பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்தார்கள். அடிக்கடி தூக்கம் கெடுகிறவர்களின் ரத்தத்தில் சராசரிச் சர்க்கரை கூடுதலாக இருந்தது. தூக்கமின்மையே அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று 2022ல் அவர்கள் தெரிவித்தார்கள்.

காரணம் இதுதான். ரத்தத்தில் உள்ள சர்க்கரையை உடம்பு எடுத்துக்கொள்ள உதவுவது இன்சுலின். தூக்கம் கெட்டால் இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்பதில்லை. 'கார்ட்டிசால்' போன்ற சுரப்புநீர்கள் வேளை தப்பி அதிகமாகச் சுரக்கின்றன. அவை சர்க்கரையை ஏற்றிவிடும். மறுநாள் உடம்பு அசதி. நடக்கத் தெம்பு இல்லை. பசி மட்டும் அதிகம்!

செக்குமாட்டுச் சுற்று

இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. சர்க்கரை ஏறினாலும் தூக்கம் கெடும். இரவில் மூன்று முறை, நான்கு முறை சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கும். சிலருக்குப் பாதம் எரியும். தூக்கம் கெட்டால் சர்க்கரை ஏறும். சர்க்கரை ஏறினால் தூக்கம் கெடும். செக்குமாடு போல இது சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஆகவே, தூக்கம் ஏன் வரவில்லை என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பலத்த குறட்டையும், நடுவில் மூச்சு நின்று நின்று வருவதும் இருந்தால் அது தனி வியாதி. அதற்குத் தனி வைத்தியம் உண்டு. நடுஇரவில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கினால் சர்க்கரை குறைந்திருக்கலாம். உடனே சோதித்துப் பார்க்க வேண்டும். 70க்குக் கீழே போயிருந்தால் தாமதிக்காமல் சர்க்கரையோ குளுக்கோசோ சாப்பிட வேண்டும். டாக்டரிடமும் சொல்ல வேண்டும்.

தூக்க மாத்திரை வேண்டுமா?

"வயதானால் தூக்கம் குறையத்தான் செய்யும்" என்று சிலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். சிலர் தாங்களாகவே தூக்க மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். இரண்டும் தவறு.

வாரத்தில் 3 இரவுகளாவது தூக்கம் கெட்டு, அது 3 மாதம் நீடித்தால், அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள் டாக்டர்கள். மாத்திரைக்கு முன்னால், பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் சிகிச்சையைக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016ல் கூறியது.

அந்தச் சிகிச்சையில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. எப்போது படுத்தாலும், தினமும் ஒரே நேரத்தில் எழுந்துவிட வேண்டும். படுக்கை தூங்குவதற்கு மட்டுமே. கணக்குப் பார்ப்பதும், செல்போன் பார்ப்பதும் படுக்கையில் கூடாது. தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக உட்கார வேண்டும். கண் சொக்கும்போது திரும்பப் படுக்க வேண்டும். பகல் தூக்கத்தையும், மாலைக் காப்பியையும் விட வேண்டும். "இன்றும் தூக்கம் வராதோ" என்ற பயத்தைப் போக்கவும் வழி சொல்லிக் கொடுப்பார்கள். பயமே பாதித் தூக்கத்தைத் தின்றுவிடுகிறது!

ஒன்றை மறக்கக் கூடாது. தூக்கம், மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் மாற்று அல்ல. எல்லோருக்கும் ஒரே அளவில் சர்க்கரை குறையும் என்றும் சொல்ல முடியாது. உணவு, நடை, மருந்து ஆகிய மூன்றோடு நான்காவதாகத் தூக்கமும் சேர வேண்டும். அவ்வளவுதான்.

ஒரே ஒரு கேள்வி

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கிற்று. சர்க்கரை மாத்திரை வீடு தேடி வந்தது. நல்ல காரியம்! மாத்திரை கொடுக்கிறவர் கூடவே "இரவில் நன்றாகத் தூங்குகிறீர்களா?" என்றும் கேட்டால் என்ன? அதற்குக் காசு செலவில்லை. அரை நிமிடம் போதும். "தூங்கவில்லை" என்று சொல்கிறவரை டாக்டரிடம் அனுப்பலாம். தூக்கத்துக்குச் சிகிச்சை சொல்லிக் கொடுக்க நர்சுகளுக்கும் பயிற்சி தரலாம்.

"கூட்டம் அலைமோதுகிறது. இதையெல்லாம் கேட்க நேரம் ஏது?" என்று டாக்டர்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் தூக்கம் கெட்ட நோயாளிக்குச் சர்க்கரை இறங்காவிட்டால், அவர் திரும்பத் திரும்ப வருவார். கூட்டம் இன்னும் பெருகும்.

டாக்டர் கேட்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் உண்மை தெரியும். அந்த மளிகைக் கடைக்காரரின் மனைவி அடுத்த முறை கூடவே போக வேண்டும். "டாக்டர் ஐயா, இவர் ராத்திரியில் தூங்குவதே இல்லை" என்று சொல்ல வேண்டும்.

அவருக்குச் சரியான வைத்தியம் அந்த வார்த்தையிலிருந்து தொடங்கும்.