சீக்குக் கோழியை ஒளிக்காதீர்கள்

வகுப்பில் யாராவது தூங்கி விழுந்தால், "என்ன, சீக்குக் கோழி மாதிரி இருக்கிறாய்?" என்று கேலி செய்வோம். கோழி வளர்க்காதவர்களுக்கும் அந்தக் காட்சி தெரியும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கண் செருகி ஒரு மூலையில் நிற்கும். மாணவர்களே, கோழி அந்த நிலைக்கு வரும்போது நோய் பெரும்பாலும் முற்றிவிட்டிருக்கும்.

ஏன் முன்பே தெரிவதில்லை? வீட்டுக் கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழி இன்றும் நம் மலேசியக் காடுகளில் வாழ்கிறது. காட்டில் பலவீனத்தைக் காட்டும் பறவை முதலில் இரையாகும். கூட்டத்திலுள்ள மற்ற கோழிகளும் அதைக் கொத்தி விரட்டும். அதனால் கோழி தன் நோயை முடிந்தவரை மறைக்கும். கோழி மறைப்பது இயற்கை. மனிதர்களாகிய நாமும் சேர்ந்து மறைப்பதுதான் ஆபத்து.

கடந்த ஆண்டு என் மாணவி ஒருத்தியின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பாட்டி 14 நாட்டுக் கோழிகள் வளர்த்தார். சந்தையில் ஒரு சேவல் வாங்கி, அன்று மாலையே மற்ற கோழிகளோடு விட்டார். ஒரு வாரத்திற்குள் கோழிகள் சுருண்டு விழத் தொடங்கின. ஒன்றை அறுத்துக் குழம்பு வைத்தார்கள். நன்றாகத் தெரிந்த இரண்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார்கள். அலமாரியில் மீந்திருந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து மற்றவற்றுக்கு வைத்தார்கள். கடைசியில் மிஞ்சியவை இரண்டு. பக்கத்து வீட்டுக் கோழிகளும் செத்தன.

அந்த மாணவி என்னிடம் சொன்னது இதுதான்: "மூன்று நாளுக்கு முன்பே முட்டை குறைந்துவிட்டது, டீச்சர். எச்சமும் பச்சையாக இருந்தது. சொன்னால் என் கோழியை அறுத்துவிடுவார்கள் என்று பயந்து சொல்லவில்லை."

அவள் மீது எனக்குக் கோபமில்லை. பாட்டியையும் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்ததை அவர் செய்தார். ஆனால் அந்த மூன்று நாள்கள்தான் மற்ற கோழிகளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய நாள்கள்.

பச்சையான கழிச்சல், மூச்சுத் திணறல், முறுக்கிக்கொண்ட கழுத்து, செயலிழந்த கால் ஆகியவை நியூகாசல் நோயின் அறிகுறிகள். தமிழில் வெள்ளைக்கழிச்சல், மலாயில் சம்பார் ஆயாம் என்பார்கள். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசல் நகரிலும் முதன்முதலில் கண்டறியப்பட்டது. இதை உண்டாக்குவது வைரஸ். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் தாக்கும். வைரஸை ஒன்றும் செய்யாது. வீணாகக் கொடுத்தால், மருந்துக்கு அடங்காத பாக்டீரியா பெருகவே வழி செய்கிறோம். பாட்டி வீட்டுக் கோழிகளுக்கு வந்ததும் இந்த நோயாக இருக்கலாம். ஆனால் யாரும் மருத்துவரிடம் காட்டாததால் அது கடைசிவரை உறுதியாகவில்லை.

ஒரே அறிகுறிக்குப் பல பொருள் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். நண்பகல் வெயிலில் கோழி அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் பயப்பட வேண்டாம். அதற்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அப்படித்தான் உடல் சூட்டைத் தணிக்கும். அதே கோழி குளிர்ந்த விடியற்காலையில் வாயைத் திறந்து திணறினால் அது எச்சரிக்கை. பழுப்பாக, பிசுபிசுவென்று, கடும் நாற்றத்தோடு நாளுக்குச் சில முறை வரும் எச்சம் இயல்பானது. குருட்டுக்குடலில் இருந்து வருவது. குஞ்சுகளின் எச்சத்தில் இரத்தம் தெரிந்தால், ஈரத்தரையில் பரவும் இரத்தக்கழிச்சல் நோயாக இருக்கலாம். கொண்டையில் கொப்புளமும் பொருக்கும் தோன்றினால், கொசு பரப்பும் அம்மையாக இருக்கலாம்.

இயல்பு எது என்று தெரிந்தவருக்குத்தான் மாற்றம் தெரியும். அறிவியல் சோதனையில் ஒப்பிட ஒரு கட்டுப்பாட்டுத் தொகுதி வைக்கிறோம் அல்லவா? கோழிக்கு அதன் ஆரோக்கியமான நாள்களே கட்டுப்பாடு. காலையில் தீனி போடும் ஐந்து நிமிடத்தில் பாருங்கள். எல்லாம் ஓடி வருகின்றனவா? எத்தனை முட்டை? எச்சத்தின் நிறம் என்ன? மூச்சில் சத்தம் உண்டா? ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

மாற்றம் தெரிந்தால் அன்றே வீட்டில் சொல்லுங்கள். அந்தக் கோழியைத் தனியாக, நிழலில், சுத்தமான தண்ணீரோடு வையுங்கள். மஞ்சளும் சின்ன வெங்காயமும் கொடுக்கலாம் என்று பாட்டி சொன்னால் சண்டை போட வேண்டாம். ஆனால் அதை நம்பித் தனிமைப்படுத்தாமல் விடாதீர்கள். நல்ல கோழிகளுக்கு முதலிலும் நோயுற்றதற்குக் கடைசியிலும் தீனி போடுங்கள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். கொட்டகைக்கென்று தனிச் செருப்பு வையுங்கள். நோயுற்ற கோழியை விற்பது, கொடுப்பது, அறுப்பது எதுவும் வேண்டாம். புதிதாக வாங்கிய கோழியை மூன்று வாரமாவது தனியே வைத்துப் பார்த்த பிறகு மற்றவற்றோடு சேருங்கள்.

திடீரெனப் பல கோழிகள் செத்தால், அல்லது தலை வீங்கிக் கொண்டை கருநீலமானால் தொடாதீர்கள். செத்ததைக் கால்வாயில் வீசாதீர்கள். பெரியவர்கள் மூலம் மாவட்டக் கால்நடை மருத்துவச் சேவை அலுவலகத்திற்கு உடனே தெரிவியுங்கள். அது பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். 2004லும் 2017லும் கிளந்தானில் எச்5என்1 பரவியது. உலக அளவில் 2003 முதல் 900க்கும் மேற்பட்ட மனிதர்களுக்கு இந்த வைரஸ் தொற்றியது உறுதியாகியுள்ளது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். மனிதருக்கு எளிதில் தொற்றுவதில்லை. ஆனால் தொற்றியவர்களில் பலர் நோயுற்ற கோழிகளோடு நெருங்கிப் பழகியவர்கள்.

"தெரிவித்தால் எல்லாக் கோழிகளையும் அழித்துவிடுவார்களே" என்று கேட்பீர்கள். பறவைக் காய்ச்சல் உறுதியானால் அது நடக்கும், வலிக்கும். அந்த வலியைச் சின்னதென்று சொல்ல மாட்டேன். ஆனால் மறைத்தால் நம் கோழிகளும் பெரும்பாலும் பிழைக்காது. அண்டை வீட்டுக் கோழிகளும் போகும். மனிதரும் ஆபத்தில் சிக்கலாம்.

வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. 1980களில் செர்டாங்கில், அன்றைய மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தின் அறிவியலாளர்கள், ஆஸ்திரேலியரோடு சேர்ந்து, வெப்பத்தைத் தாங்கும் ஒரு தடுப்பு மருந்தைத் தீனியில் கலந்து கிராமக் கோழிகளுக்குக் கொடுக்கும் முறையை ஆராய்ந்தார்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத கம்போங் வீட்டுக் கொல்லைக் கோழியும் அறிவியலுக்கு முக்கியம் என்று நினைத்தவர்கள் அவர்கள். உங்கள் வட்டாரத்தில் என்ன தடுப்பு மருந்து கிடைக்கும் என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

நேற்று உங்கள் வீட்டுக் கோழிகள் எத்தனை முட்டை இட்டன? தெரியாவிட்டால், நாளைக் காலையில் எண்ணத் தொடங்குங்கள்.