அதே சட்டை, அதே வெளிச்சம்

கைபேசியில் ஐயாயிரம் செல்ஃபி வைத்திருப்பவரிடம், உங்களுக்கு எப்போது முகம் தளர ஆரம்பித்தது என்று கேட்டால் காட்டத் தெரியாது. ஒரு படத்தில் கல்யாண மண்டப விளக்கு, அடுத்ததில் கடற்கரை வெயில். ஒன்றில் தலையைச் சாய்த்த சிரிப்பு, இன்னொன்றில் தோலை மழமழப்பாக்கும் ஃபில்டர். இத்தனையும் சேர்ந்து மாறும்போது வயது செய்த வேலை எது, விளக்கு செய்த வேலை எது என்று கண்ணால் பிரிக்க முடியாது. காலம் படத்தில் விழ வேண்டுமானால் மற்றதெல்லாம் அசையாமல் நிற்க வேண்டும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கார்ல் பேடன் 1987 பிப்ரவரி 23 அன்று தொடங்கி, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நாள்தோறும் தன் முகத்தை ஒரே கோணத்தில், ஒரே பாவனையில் எடுத்தது இதற்காகத்தான். அடுத்தடுத்த இரண்டு நாள் படங்களில் எந்த வித்தியாசமும் தெரியாது. பத்தாண்டு இடைவெளியில் இரண்டை எடுத்து வைத்தால் விளக்கம் தேவைப்படாது.

போலந்து ஓவியர் ரோமன் ஒபால்கா இன்னும் கறாரானவர். 1965-ல் வார்சாவில் கரிய கித்தானின் இடது மேல் மூலையில் வெள்ளை வண்ணத்தில் 1 என்று எழுதினார். பிறகு 2, 3 என்று சாகும்வரை எண்களையே எழுதினார். சில ஆண்டுகளில், ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் கித்தானுக்கு முன் நின்று வெள்ளைச் சட்டையில், மாறாத வெளிச்சத்தில், உணர்ச்சி காட்டாமல் ஒரு படம் எடுத்துக்கொள்வதும் சேர்ந்துகொண்டது. 1972 முதல் ஒவ்வொரு புதிய கித்தானின் பின்னணியிலும் ஒரு சதவீதம் வெள்ளை கூட்டினார். அதனால் எண்கள் மெல்ல மெல்லப் பின்னணியில் கரைந்தன. படங்களில் தலைமுடியும் அதே போக்கில் வெளுத்தது. 2011-ல் அவர் இறந்தபோது எண் 56,07,249-ல் நின்றது.

இது தன்மோகம் என்பார்கள். தன்மோகி நன்றாக விழுந்ததை வைத்துக்கொண்டு மற்றதை அழிப்பார். இங்கே அழிக்கும் உரிமையையே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். வீங்கிய கண்ணும் வரிசையில் நிற்கிறது. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: உணர்ச்சியற்ற முகமும் ஒரு வேடம்தானே, அன்றைய துக்கமும் சந்தோஷமும் அதில் எங்கே? உண்மை, இல்லைதான். வாழ்க்கை வரலாறு வேண்டுவோர் நாட்குறிப்பைத் தேட வேண்டியதுதான். ஆனால் சிரிப்பு நம் கையில் இருக்கிறது, கண்ணுக்குக் கீழே தொங்கும் தோல் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பதை நிறுத்தினால்தான் இல்லாதது தெரியவரும்.

அந்த ஒழுங்கைப் பிழையில்லாமல் காப்பதும் எளிதல்ல. தைவானில் பிறந்த கலைஞர் டெஹ்சிங் ஷியே 1980 ஏப்ரலில் நியூயார்க்கில் மொட்டையடித்துக்கொண்டு, தொழிற்சாலைச் சீருடையில் ஓர் ஆண்டுக் கணக்கைத் தொடங்கினார். மணிக்கொரு தடவை, இரவும் பகலும், வருகைப் பதிவுக் கடிகாரத்தில் அட்டையைக் குத்திவிட்டு ஒரு பிரேம் படமெடுக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து சுமார் ஆறு நிமிடப் படம். அதில் முடி தோள்வரை வளர்ந்துவிடுகிறது. 8,760 தடவை குத்த வேண்டியதில் 133 தவறியது. அவற்றையும் அவர் காரணத்தோடு பட்டியலிட்டு வைத்தார். பெரும்பாலானவற்றுக்கு எதிரே உள்ள காரணம்: தூக்கம்.