அறப்பள்ளி வாயிலில் நாம்

கொல்லிமலைச் சுற்றுலா என்றதும் பெற்றோர் சிலரிடம் ஒரு கேள்வி எழுகிறது. கத்தோலிக்கப் பிள்ளைகள் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குள் செல்லலாமா? செல்லலாம் என்பதே எங்கள் துணிபு.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அங்கு வருவோர் யார்? மூட்டு வலியால் வாடும் பாட்டிமாரும், பிள்ளையின் பிணி தீர வேண்டும் தாய்மாரும் அவர்களில் உண்டு. தேவாரத்தில் பெயர் குறிக்கப்பெற்ற பழம்பதி அது. அருகில் ஓடும் ஐயாற்றின் மீன்களை இறைவனின் வடிவாகவே எண்ணி மக்கள் உணவிடுகின்றனர். அந்த ஆறே சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஆகாய கங்கையாக வீழ்கிறது. மூலிகைகளைத் தழுவிவரும் அந்நீரில் நீராடினால் நோய் நீங்கும், ஆயுள் நீளும் என்பது அவர்கள் நம்பிக்கை.

இதைக் கண்டு நகைக்க நமக்கு உரிமை உண்டா? வேளாங்கண்ணியில் ஆரோக்கிய அன்னையின் திருமுன் மொட்டையடித்து நிற்கும் இந்துப் பெருமக்கள் எத்தனை பேர்! அவர்களை வாயிலில் நிறுத்தி, "நீங்கள் எந்த மதம்?" என்று நாம் கேட்பதில்லையே. பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே அறிவித்துவிட்டது. நம் வீடுகளுக்குத்தான் அச்செய்தி இன்னும் வந்து சேரவில்லை போலும்!

விருந்தினராகச் செல்வோம். வழிபடுவதுபோல் நடிக்க வேண்டாம்; அது அவர்களையும் ஏமாற்றுவது. செருப்பைக் கழற்றினால் போதும், விசுவாசத்தைக் கழற்ற வேண்டியதில்லை.

அம்மலையில் நம் கிறிஸ்தவ நெறியின் சுவடும் உண்டு. ஆங்கிலேய மிஷனரி ஜெஸ்ஸி பிராண்ட் அங்கு நோயாளிகளைப் பேணி, 1929-இல் காய்ச்சலால் மாண்டார். அவர் மனைவி ஈவ்லின் அம்மையாரோ மிஷன் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் மலைக்கே திரும்பினார். முதுமையிலும் மட்டக் குதிரையேறி ஊர் ஊராய்ச் சென்று மருந்து கொடுத்தார். 1974-இல் மறைந்தபோது அவருக்கு வயது 95. அவர்கள் மகன் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளரின் மடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் மீண்டும் இயங்கச் செய்தவர். மலைமக்களின் நம்பிக்கை வேறு என்று ஒதுங்கி நின்றிருந்தால் இத்தொண்டு நடந்திருக்குமா?

மற்றொன்று: மூட்டு வலிக்கென விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கைக் கண்டதும் கூடை கூடையாக வாங்க வேண்டாம், தாய்மாரே! கிழங்கைப் பெயர்த்தால் செடியே போய்விடும்.

கோயிலுக்குள் வர மனம் ஒவ்வாத மாணவியரை யாரும் வற்புறுத்தலாகாது. அவர்கள் ஓர் அருட்சகோதரியுடன் ஆற்றங்கரையில் அமர்ந்து மீன்களுக்குப் பொரி போடட்டும்.